கோசோவில் பூக்கட்டிப் பார்த்தோம்

கப்பல் கிளம்பி ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. அக்கா கம்பியைப் பிடித்துக்கொண்டு தண்ணீரை எட்டிப் பார்த்தாள். பிறகு என் பக்கம் குனிந்து மெதுவாகச் சொன்னாள்.

"பங்கோர் போற ஃபெரி மாதிரியேதான் இருக்கு பாப்பா. இதுக்கா இவ்ளோ தூரம் வந்தோம்?"

மத்தியதரைக் கடலைப் பற்றி நான் மனத்துக்குள் தயாரித்து வைத்திருந்த வாக்கியங்கள் அதோடு போயின. உண்மையில் அது பங்கோர் படகைப் போலத்தான் இருந்தது. கோழிக் கூடைகள் இருந்தன. ஒருவர் சைக்கிள் டயரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நின்றார். எங்கள் மலாய் நாட்டில் பங்கோர் தீவுக்குப் படகேறும் லுமுட் துறையில் அடிக்கும் அதே டீசல் வாடை. தண்ணீரின் நிறம் மட்டும் வேறு. பள்ளிக்கூட மைப்புட்டியைக் கவிழ்த்ததுபோல அப்படியொரு நீலம்.

மால்ட்டாவுக்குப் பக்கத்தில் கிடக்கும் சின்னத் தீவு கோசோ. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு, எங்கள் ஊர்ப் பக்கம் சுங்காயிலிருந்து சிலிம் ரிவர் போகும் தூரம்கூட இல்லை. நான் இங்கிலாந்தில் மூன்று வருட நர்ஸ் பயிற்சியை முடித்திருந்தேன். நான் பேட்ஜ் குத்திக்கொள்வதைப் பார்க்க அக்கா ரப்பர் தோட்டத்தில் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தாள். அவள் திரும்புமுன் ஒரு வாரம் எங்காவது போகலாம் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். என்னோடு வார்டில் பயிற்சி பெற்ற ஒரு பெண்ணின் அத்தைக்குக் கோசோவில் வீடு இருந்தது. மாடியில் ஓர் அறை காலியாக இருந்தது. அவ்வளவுதான் காரணம்.

எங்கள் தோட்டத் தொழிலாளர் லயத்திலிருந்து ஆறாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அக்கா இரண்டாம் வகுப்போடு நின்றவள். எனக்கு ஒரு வயதானபோது அம்மா தவறிவிட, பதின்மூன்று வயதில் பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுக்கப் போனாள். இதை நான் பெருமையாகவும் சொல்வேன், குற்ற உணர்வோடும் சொல்வேன். அன்றைக்குப் பெருமைதான் மேலோங்கியிருந்தது. அக்காவுக்கு உலகத்தைக் காட்டுகிறேன் என்ற பெருமை.

துறையில் சாம்பல் நிற பஸ் ஒன்று நின்றது. ஓட்டுநருக்கு முன்னால் மாதா படம், பிளாஸ்டிக் மாலை, சின்னச் சிவப்பு விளக்கு. அக்கா ஏறும்போதே படத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். எனக்கு வெட்கமாக இருந்தது. ஓட்டுநருக்கோ முகம் மலர்ந்துவிட்டது. முன் இருக்கையில் இருந்த வெங்காய மூட்டையை இறக்கிவிட்டு எங்களை அங்கே உட்கார வைத்தார். மேட்டில் ஏறும்போது வண்டி இரண்டு முறை நின்றது. ஒருமுறை எஞ்சின் சூட்டால், ஒருமுறை ஓட்டுநர் தன் தங்கையிடம் ஏதோ பாத்திரம் கொடுப்பதற்காக.

சாலையின் இரு பக்கமும் அரளி பூத்திருந்தது. அக்கா முழங்கையால் என்னை இடித்தாள்.

"பாரு, அரளி. செவப்பும் இருக்கு, வெள்ளையும் இருக்கு."

அதில் என்ன விசேஷம் என்று நான் கேட்கவில்லை.

வீட்டுக்காரர் பெயர் கார்மெனா. அறுபது வயதிருக்கும். கறுப்பு உடை, பெரிய குரல், ஓரளவு ஆங்கிலம். வந்ததும் வராததுமாக ரொட்டியைக் குறுக்கே அறுத்து, தக்காளியை அதன்மேல் அழுத்தித் தேய்த்து, ஆலிவ் எண்ணெய் ஊற்றிக் கொடுத்தார். மேலே உப்பில் ஊறிய பச்சை மொட்டுகளைத் தூவியிருந்தார். கேப்பர் என்றார். சுவரிடுக்கில் தானாக முளைக்குமாம். அக்கா ஒன்றைக் கடித்துப் பார்த்துவிட்டு, "சுண்டக்காயோட சொந்தக்காரன்" என்றாள். பிறகு பையிலிருந்து தான் கொண்டுவந்த நெத்திலி சம்பல் புட்டியை எடுத்து மேசையில் வைத்தாள். கார்மெனா ஒரு கரண்டி தின்றார். விக்கல் வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு கரண்டி தின்றார். அதற்குப் பிறகு அந்த இருவருக்கும் நான் மொழிபெயர்க்க வேண்டிய தேவை குறைந்துபோனது.

அன்று மாலை மொட்டை மாடியில் துணி காயப்போடும்போதுதான் அக்கா விஷயத்தைச் சொன்னாள்.

"சிலிம் ரிவர்ல ஒருத்தரு. பேரு ராஜமாணிக்கம். செம்பனைப் பழம் ஏத்துற லோரி ஓட்டுறாரு. சம்சாரம் தவறி ரெண்டு வருசம் ஆச்சு. ஏழு வயசுல ஒரு பொம்பளப்பிள்ள இருக்கு. அவரு தங்கச்சி வந்து என்னய கேட்டுட்டுப் போச்சு."

"நீ என்ன சொன்ன?"

"பூக்கட்டிப் பாத்துட்டுச் சொல்றேன்னேன்."

"பார்த்தியா?"

"எப்படிப் பாக்கறது? கட்டறதுக்கு ஆளு வேணாமா. நீதான கட்டணும். எனக்குன்னு வேற யாரு இருக்கா?"

எங்கள் தோட்டத்தில் எந்தப் பெரிய முடிவும் இப்படித்தான் எடுக்கப்படும். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். அடையாளம் தெரியாமல் ஒரேபோலக் கட்டி அம்மன் காலடியில் வைப்பார்கள். சம்பந்தமில்லாத ஒருவர் ஒன்றை எடுப்பார். வெள்ளை வந்தால் அம்மன் சம்மதம். சிவப்பு வந்தால் வேண்டாம். பறிப்பதும் கட்டுவதும் வீட்டு ஆள். கேட்கிறவர் பார்க்கக்கூடாது. ஒருமுறை வந்துவிட்டால் வந்ததுதான்.

"லோரிக்காரரா?" என்றேன்.

"ஏன், லோரிக்காரருன்னா டயர் மேலயா படுத்துத் தூங்குவாரு?"

நான் சிரிக்கவில்லை. ஊர் திரும்பியதும் எனக்கு ஈப்போ பட்டணத்து ஆஸ்பத்திரியில் வேலை நிச்சயமாகியிருந்தது. வாடகைக்கு வீடு பிடிக்க வேண்டும், அக்காவைத் தோட்டத்திலிருந்து அழைத்துவர வேண்டும், பால்மரத்தின் நிழலில்கூட அவள் இனி நிற்கக்கூடாது என்று மூன்று வருடமாக நினைத்திருந்தேன். தையல் கற்றுக்கொள்ளட்டும், காலையில் ஏழு மணிவரை தூங்கட்டும். என்னை வளர்த்து முடித்த கையோடு இன்னொருவர் பிள்ளையை வளர்க்கப் போவதா? முப்பத்து நான்கு வயதில் இனிமேலாவது அவள் உட்கார வேண்டாமா?

புதன்கிழமை வடக்குக் கடற்கரைக்குப் போகலாம் என்று அச்சடித்த அட்டவணையோடு சதுக்கத்தில் போய் நின்றேன். முக்கால் மணி நேரம் பஸ் வரவில்லை. நிழலில் உட்கார்ந்திருந்த முதியவர் ஒருவர் கையை ஆட்டி ஆட்டி அவர்கள் மொழியில் ஏதோ சொன்னார். நான் ஆங்கிலத்தில் திரும்பத் திரும்பக் கேட்டேன்.

அக்கா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "வியாழக்கிழமதான் வருமாம்லா. வா, போலாம்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"ஹமிஸ் ஹமிஸ்ன்னு எத்தன தடவ சொல்றாரு. நம்மூரு மலாய்க்காரங்க சொல்ற மாதிரிதான சொல்றாரு."

அவள் சொன்னதுதான் சரி. அரபு கலந்த அவர்கள் மொழியில் கிழமைப் பெயர்கள் பலவும் மலாய்ப் பெயர்களின் உறவுக்காரர்கள். பரீட்சைக்கு மலாய் படித்தவள் நான். அதைப் பேசிக் காய்கறி வாங்கியவள் அவள். வீடு போய்ச் சேரும்வரை, "படிச்ச பிள்ள, பஸ் வந்துச்சா?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். மதியம் கார்மெனா வைத்த குழம்பை இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டாள். அது முயல் என்று பிறகு நான் சொன்னதும் கொஞ்சம் யோசித்துவிட்டு, "முள்ளம்பன்னியவிட மெத்துன்னு இருக்கு" என்றாள்.

வியாழக்கிழமை பஸ் வந்தது. வடக்குக் கரையில் மணலே இல்லை. மஞ்சள் பாறையைப் பாத்தி பாத்தியாகக் குடைந்து, கடல்நீரைத் தேக்கி, வெயிலில் காயவிட்டு உப்பு எடுக்கிறார்கள். தலையில் துணி கட்டிய பெண் ஒருத்தி விளக்குமாற்றால் உப்பைக் கூட்டிக் குவித்துக்கொண்டிருந்தாள். நான் படம் எடுக்கத் திரும்பிய நேரத்தில் அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு அங்கே இறங்கியிருந்தாள். என்ன பேசினார்களோ, இன்னொரு விளக்குமாறு அவள் கைக்கு வந்துவிட்டது. முதல் பாத்தியில் சற்றுத் தடுமாறினாள். இரண்டாவதில் கை பழகிவிட்டது. அதற்குப் பிறகு, மரத்துக்கு மரம் கட்டிய மங்குக் கிண்ணத்திலிருந்து பால் எடுத்துப் போகிறவளைப்போல ஒரு வரிசைகூடத் தவறாமல் போனாள்.

"லீவுக்கு வந்த இடத்துலயும் வேலையா?" என்றேன்.

"கை சும்மா இருந்தா ஊறுது பாப்பா."

வேலை முடிந்ததும் அந்தப் பெண் ஒரு துணிப்பை நிறைய உப்பு கொடுத்தாள். மூன்று பேரும் பாறை நிழலில் உட்கார்ந்து ஆட்டுப்பால் பாலாடைக்கட்டியும் ரொட்டியும் தின்றோம். அங்கேதான் நான் கேட்காமலே அக்கா சொன்னாள்.

"ஒருநாளு நல்ல மழ. நான் ரப்பர்ப் பால் நிறுக்குற ஸ்டோர் வாசல்ல நின்னேன். அவரு லோரிய நிறுத்துனாரு. ஏறிக்கோன்னு சொல்லல. குடைய மட்டும் குடுத்துட்டுப் போயிட்டாரு. மறுநாளு திருப்பிக் குடுக்கப் போனேன். இருக்கட்டும், மழக்காலம் இன்னும் முடியலயேன்னாரு."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன. குடை எங்கிட்டதான் இருக்கு."

சொல்லிவிட்டுக் கையிலிருந்த ரொட்டித் துண்டைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை அன்று நான் சரியாகப் பார்த்திருக்க வேண்டும். ஒரு குடையைக் கொடுத்து என் அக்காவை வாங்கப் பார்க்கிறார் ஒருவர் என்றுதான் எனக்குத் தோன்றியது.

தீவின் நடுவே, வயல்களுக்கு மத்தியில் தனியாக நிற்கும் மாதா கோயில் ஒன்று உண்டு. நேர்ந்துகொண்டவர்கள் அங்கே வருவார்கள் என்று கார்மெனா சொல்லியிருந்தார். அவருடைய மகன் கப்பலில் வேலை செய்கிறவர். புயலில் பிழைத்து வந்தபோது வெள்ளியில் சிறிய கப்பல் ஒன்று செய்து கொண்டுபோய் மாட்டினாராம். இதை நான் மொழிபெயர்த்ததும் அக்கா முடிவு செய்துவிட்டாள்.

"நாளைக்கு வெள்ளிக்கிழம. அங்கயே பாத்துடலாம்."

"அது சர்ச் அக்கா."

"அம்மாதான இருக்கா?"

வெள்ளிக்கிழமை காலை, அக்கா குளிக்கப் போயிருந்தபோது நான் கீழே இறங்கிப் போய் அரளி பறித்தேன். இரண்டு நிறமும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. கார்மெனாவின் லேஸ் நூலில் கொஞ்சம் வாங்கி, நோட்டுத் தாளைக் கிழித்து, பொட்டலங்கள் கட்டினேன். இரண்டிலும் சிவப்பை வைத்தேன்.

பூ சொல்லும் என்பதில் எனக்கு நம்பிக்கை கிடையாது. நம்பாத ஒன்றில் ஏமாற்றினால் அது ஏமாற்று ஆகுமா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். ஆகாது என்று நானே பதிலும் சொல்லிக்கொண்டேன். நூலை மட்டும் மிகக் கவனமாகக் கட்டினேன், தையல் போட்ட காயத்துக்குக் கட்டுவதைப்போல.

பஸ் பாதி வழியில் படுத்துவிட்டது. மீதித் தூரத்தை வெயிலில் நடந்தோம். கார்மெனா குடை பிடித்துக்கொண்டு முன்னால் போனார். அக்கா பட்டுச் சேலையின் கொசுவத்தைத் தூக்கிச் செருகியபடி பின்னால் வந்தாள். ஒரு கழுதை வண்டிக்காரர் எங்களை ஏற்றிக்கொள்வதாகச் சொன்னார். அக்கா, "சாமிக்கு நடந்து போறதுதான் நல்லது" என்றாள். நான் அதை மொழிபெயர்க்காமல், வேண்டாம் என்று மட்டும் சொன்னேன்.

கோயிலின் பக்கச் சுவர் முழுவதும் காணிக்கைகள் தொங்கின. வெள்ளிக் கைகள், வெள்ளிக் கண்கள், குழந்தைச் சட்டைகள், ஊன்றுகோல்கள், அறுத்துக் கட்டிய ஒரு பின்னல். அக்கா ஒவ்வொன்றையும் நின்று பார்த்தாள். "கண்மலரு நம்ம மாரியம்மன்கிட்டயும் இருக்கு. பேரு மட்டும்தான் வேற" என்றாள்.

பொட்டலங்களை மாதா பீடத்தின் படியில் வைத்தேன். எடுக்கிற வேலை கார்மெனாவுக்கு. எதற்காக என்று கேட்டார். கல்யாணத்துக்கு என்றேன். அவர் முகம் உடனே பூஜை முகமாக மாறிவிட்டது. சிலுவை போட்டு, கண்ணை மூடி, இடப்பக்கம் இருந்ததை எடுத்து அக்காவிடம் கொடுத்தார்.

அக்கா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். சிவப்பு.

"அழகான நிறம். நல்லதுதானே?" என்று கார்மெனா கேட்டார். அக்காவுக்குக் கேள்வி புரிந்திருக்க வேண்டும். அவரைப் பார்த்துச் சிரித்துத் தலையை ஆட்டினாள். அந்தச் சிரிப்பு அவர் மனம் நோகக்கூடாது என்பதற்காக. பிறகு என்னிடம், "சரி. அம்மா சொல்லிட்டா" என்றாள்.

கார்மெனா ஆர்வத்தில் மற்றப் பொட்டலத்துக்கும் கையை நீட்டினார். அதைப் பிரிக்கக்கூடாது, வழக்கமில்லை என்று சொல்லி நான் சட்டென்று எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டேன். பொய்தான்.

அன்றிலிருந்து அக்கா நல்ல பயணியாகிவிட்டாள். நான் கோட்டை பார்க்கலாம் என்றால் கோட்டை பார்த்தாள். படகில் குகைக்குள் போகலாம் என்றால் வந்தாள். சனிக்கிழமை நான் ஒரு தெருவில் வழி தவறி, ஒரே மாட்டுத் தொழுவத்தை மூன்று முறை சுற்றினேன். அவள் ஒரு வார்த்தை கேலி செய்யவில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயில் திருவிழா. மணி அடித்த அடியில் ஊரே அதிர்ந்தது. பேண்டு வாத்தியம், வெடி, பால்கனியிலிருந்து கொட்டிய காகிதத் துண்டுகள். தோட்டத்துத் திருவிழாவில் கரகத்துக்கு முன்னால் ஆடியவள் அக்கா. இங்கே கைகளைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றாள். "நல்லாருக்கு" என்றாள். எதைக் காட்டினாலும் அதையேதான் சொன்னாள்.

திங்கட்கிழமை புறப்பாடு. துறைக்கு வந்தால் வடமேற்குக் காற்று. எதிர்க்கரையிலிருந்து கப்பலே வரவில்லை. எங்கள் விமானம் மறுநாள்தான் என்பதால் பயமில்லை. டீக்கடை ஒன்றில் கண்ணாடித் தம்ளரில் பால் டீ வாங்கிக்கொண்டு, பெட்டிகளின்மேல் உட்கார்ந்தோம். காத்திருந்த ஆள்கள் சீட்டாட ஆரம்பித்திருந்தார்கள்.

"ஈப்போவுல வீடு பாரு பாப்பா" என்றாள் அக்கா. "நான் வந்துடுறேன். தையல் படிக்கணும்னா படிக்கிறேன்."

மூன்று வருடமாக நான் கேட்க விரும்பிய சொற்கள் அவை. கடையில் சாமான் சொல்வதுபோல அவற்றைச் சொன்னாள். டீ ஆறிக்கொண்டிருந்தது. அவளுக்கு ஆறிய டீ பிடிக்காது. அது ஆறியதையே அவள் கவனிக்கவில்லை.

நான் பையைத் திறந்து பொட்டலத்தை எடுத்து அவள் மடியில் வைத்தேன்.

"என்ன இது?"

"மத்தப் பொட்டலம். பிரிச்சுப் பாரு."

பிரித்தாள். பூ வாடிச் சுருங்கியிருந்தது. நிறம் அப்படியே இருந்தது.

"ரெண்டும் செவப்பா?"

"ஆமா."

"நீயா?"

"நான்தான்."

அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவள் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏன் பாப்பா?"

"என்னைச் சுமந்தது போதும். இன்னொரு பிள்ளையையும் நீ சுமக்க வேணாம்னுதான்."

"உன்னயச் சுமந்தேன்னு நான் எப்பயாச்சும் சொன்னனா?"

காற்று தாளைப் பறித்துக்கொண்டு போனது. பூ மட்டும் அவள் உள்ளங்கையில் இருந்தது.

"பெரிய படிப்பு படிச்சவ" என்றாள். "சாமிகிட்டயே கள்ள வேல பாத்துட்டு வந்து உக்காந்திருக்கா பாரு." குரலில் பழைய அக்கா எட்டிப் பார்த்தாள். நான் அழ ஆரம்பித்தேன்.

"மேட்டுல அரளி இருக்கு அக்கா. இப்பவே போய்ப் பறிச்சிட்டு வாரேன். இந்தத் தடவ ஒழுங்காக் கட்டுறேன். சீட்டாடுறவங்கள்ல யாரையாச்சும் எடுக்கச் சொல்லலாம்."

"வேணாம்."

"ஏன்?"

அக்கா முந்தானையை இழுத்துச் செருகினாள். கழுத்து வரை சிவந்திருந்தாள்.

"மறுபடி செவப்பு வந்துட்டா?"

அப்போதுதான் தூரத்தில் கப்பல் தெரிந்தது. ஆள்கள் சீட்டை மடித்துக்கொண்டு எழுந்தார்கள். பெட்டிகள் நகர்ந்தன, கோழிகள் கத்தின. நானும் எங்கள் பெட்டியைத் தூக்கினேன். அக்கா தன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எதிர்ப்பக்கமாக, பஸ் நிற்கும் மேட்டை நோக்கி நடந்தாள்.

"அக்கா, கப்பல் அந்தப் பக்கம்."

"அடுத்ததுல போலாம்லா. இங்க போஸ்டாபீஸ் எப்ப மூடுவான்?"

பஸ்ஸில் அவள் பேச்சை நிறுத்தவே இல்லை. அந்தப் பெண்குழந்தைக்கு இடுப்புவரை முடியாம். அவள் அம்மா இருந்தபோது எண்ணெய் தேய்த்து இரட்டைப் பின்னல் போட்டுவிடுவாராம். ராஜமாணிக்கத்துக்குப் பின்னத் தெரியாது. பள்ளி லீவு முடிவதற்குள் சிலிம் ரிவரில் முடிவெட்டும் சீனத்தி கடைக்குக் கூட்டிப் போய் ஒட்ட வெட்டிவிடப் போவதாகச் சொன்னாராம். "பேசும்போது அவரு மொகத்தப் பாக்க முடியல" என்றாள்.

தபால் நிலையத்தில் எங்களுக்கு முன்னால் யாரும் இல்லை. தந்திப் படிவத்தை வாங்கி, பேனாவைத் திறந்து, "என்ன எழுதட்டும்?" என்று கேட்டேன்.

அக்கா கவுண்டரின்மேல் இரண்டு கைகளையும் ஊன்றிக்கொண்டு, அந்தப் பக்கம் இருந்த அதிகாரியே எழுதிக்கொள்ளப் போகிறார் என்பதுபோல அவரைப் பார்த்து நிதானமாகத் தமிழில் சொன்னாள்.

"பிள்ளைக்கு முடிய வெட்ட வேணாம். நான் வந்து பின்னிவிடுறேன்."

நான் ஆங்கிலத்தில் எழுதினேன். கீழே அவள் பெயரைப் போட்டேன். அதிகாரி அதை உதட்டுக்குள் இரண்டு முறை படித்துவிட்டு, இவ்வளவுதானா என்று என்னைக் கேட்டார்.

"அக்கா, கல்யாணத்துக்குச் சம்மதம்னு ஒரு வார்த்த சேக்கட்டுமா?"

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இஸ்கூல்ல உனக்கு என்னதான் சொல்லிக் குடுத்தாங்க? அதத்தான சொல்லியிருக்கேன்."